கீழ் வரிசையில் ஒரு பட்டன்

ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதோட கைப்பிடியில வரிசையா பல் தடம். எனக்கு முன்னால அங்க உட்கார்ந்த ஏதோ ஒரு பிள்ளை கடிச்சு வச்சது. காலையில போய் உட்கார்ந்ததுல இருந்து அவங்க எங்களைக் கூப்பிடுற வரைக்கும் அந்தத் தடத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

என் மடியில ஜெபா. அப்ப அவளுக்கு மூணரை வயசு இருக்கும். சட்டைக் காலரை வாய்க்குள்ள திணிச்சுச் சவச்சுச் சவச்சு, நெஞ்சு வரைக்கும் ஈரம். பக்கத்துல என் வீட்டுக்காரர் ராஜன், டாக்டர் எழுதிக் கொடுத்த காயிதங்களை ஒரு ஃபைல்ல போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருந்தார். ஜெபாவுக்கு ஆட்டிசம்னு அதுல எழுதியிருந்தது. பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்கத்தான் அங்க போயிருந்தோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பாரத்தை நிரப்பிட்டே வந்தாங்க. பேரு, வயசு, எப்ப உட்கார்ந்தா, எப்ப நடந்தா. அப்புறம் பேனாவை நிறுத்தி, "வீட்டில் சம்சாரிக்குன்ன பாஷ ஏதா?"ன்னு கேட்டாங்க. வீட்டுல என்ன பாஷை பேசுவீங்கன்னு.

"மலையாளம்"னேன்.

ராஜன் சட்டுன்னு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவே இல்ல.

"நல்லது. நாங்களும் இங்க அதுலதான் சொல்லிக் கொடுப்போம். வீட்டுலயும் அந்த ஒரே பாஷையில பேசுங்க, வேற எதுவும் கலக்காதீங்க"ன்னு சொல்லி அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான் சொன்னதை அவங்க எழுதினாங்க, அவ்வளவுதான்.

நான் சொன்னது பச்சைப் பொய்.

அந்தப் பொய் எங்க இருந்து வந்தது

எங்க ஊரு கேரளத்துல, பாறசாலைக்குக் கொஞ்சம் உள்ள. பஸ் ஏறினா ஒரு டீ குடிக்கிற நேரத்துல தமிழ்நாடு வந்துடும். எங்க வீட்டுப் பேச்சைக் கேட்டா நாகர்கோவில்காரங்க இதென்ன தமிழுன்னு சிரிப்பாங்க, திருவனந்தபுரத்துக்காரங்க இதென்ன மலையாளம்னு சிரிப்பாங்க. எப்படியும் சிரிப்பு உறுதி. ஆனாலும் அது தமிழாக்கும். தமிழ் எழுத்து நான் சபையில ஞாயிறு பள்ளியில படிச்சேன். இந்தத் தொடரை எழுதுறதும் அந்த எழுத்தை வச்சுத்தான்.

பள்ளிக்கூடம் மலையாளம். அஞ்சாம் கிளாஸ்ல ஒருநாள் வயித்துவலி தாங்க முடியாம எழுந்து நின்னு, "சாரே, வயிறு வலிக்குது"ன்னு வீட்டுல சொல்ற மாதிரியே சொல்லிட்டேன். கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. அந்த வருஷம் முழுக்க என் பேரு பாண்டி, தமிழ் பேசுறவங்களை அங்க கேலி பண்ற பேரு. வலிச்சது வயிறு, மறக்காம நின்னது அந்தச் சிரிப்பு.

அதுக்கப்புறம் நான் உஷாராயிட்டேன். ஆபீஸ், ஆசுபத்திரி, பேங்க், எந்தப் படி ஏறினாலும் என் நாக்கு தானா மாறிக்கும். நல்ல மலையாளம் பேசுவேன், குறை சொல்ல முடியாது. அன்னைக்கும் அப்படித்தான் மாறிக்கிச்சு. யோசிச்சுச் சொன்ன பொய்யா இருந்தா திருத்தியிருப்பேன். இது என்னைக் கேட்காமலே வாயில இருந்து வந்த பொய்.

வெளிய வந்ததும் ராஜன் கேட்டார். "எட்டீ, நம்ம வீட்டுல என்னைக்கு மலையாளம் பேசினோம்?"

"இனிமே பேசுவோம். ஸ்கூலுக்கும் அதானே வேணும்?"

"பிள்ளைக்கிட்ட எப்பிடிப் பேசுவ?"

"நாக்கு உண்டுல்லா, பேசுவேன்"னு வெட்டிப் பேசிட்டேன். ராஜன் சண்டைக்கு வர்ற ஆளில்ல. அந்த ஒரு விஷயத்துலயாவது அவர் சண்டை போட்டிருக்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு. என் பிள்ளை என்கிட்ட ஏதாவது சொல்லணும். வாயால சொல்லட்டும், கையால சொல்லட்டும், எனக்குப் போதும். அதுக்காக எதை வேணும்னாலும் விடத் தயாரா இருந்தேன். முதல்ல என் பேச்சை விட்டேன்.

விட்டப்புறம்தான் தெரிஞ்சது, மலையாளத்துல எனக்கு விலை கேட்கத் தெரியும், பாரம் நிரப்பத் தெரியும், அளவு எடுக்கத் தெரியும். கொஞ்சத் தெரியல. "எனக்க பொன்னு மக்கா"ன்னு சொல்ற இடத்துல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. திட்டக்கூட ஒழுங்கா வரல. தண்ணிக்கு வெள்ளம், உட்காருக்கு இரிக்கு, அப்புறம் சோறு, வா. கடையில சாமான் மேல ஒட்டுற பேரு மாதிரி ஒத்தை ஒத்தை வார்த்தை. சின்னச் சின்ன வார்த்தையாப் பேசுங்கன்னு அவங்களும் சொல்லியிருந்தாங்களா, நானும் சரியாத்தான் செய்யறேன்னு நினைச்சுக்கிட்டேன். நாள் போகப் போக அதுவும் குறைஞ்சுது. பேச்சு வராத பிள்ளைக்கிட்ட நானும் பேசாம இருந்தேன்.

கேட்டு எழுதினவங்களுக்கு

நடுவுல இதைச் சொல்லிடுறேன், இல்லேன்னா மறந்துடுவேன். போன வாரம் ஜெபாவுக்கு எடை வச்சுத் தச்ச பாரச் சட்டையைப் பத்தி ஒரு வரி எழுதினதுக்கு, அம்பூரியில இருந்து ஒரு தகப்பனார், என்னென்ன சாமான் உதவியா இருந்துதுன்னு விவரமாச் சொல்லுங்கன்னு கேட்டு எழுதியிருக்கார். அண்ணே, சொல்றேன். எங்க வீட்டுல ரெண்டு தொழில். நான் தையல், ராஜனுக்கு நெய்யாற்றின்கரையில போட்டோஸ்டாட், லேமினேஷன் கடை. வாங்க முடியாததை நாங்களே செஞ்சு பார்த்தோம், பாதியைக் கெடுத்தோம்.

முதல்ல காலர் கடிக்கிற விஷயம். இதைச் சொல்ல வெட்கமா இருக்கு. பால்குடி மறக்க வைக்கத் தடவுவோமே சென்னிநாயகம், அந்தக் கசப்பை நான் அவ காலர்ல தடவினேன். ஓங்கரிச்சு அழுதா, அப்புறமும் கடிச்சா. கடிச்சாத்தான் அவ மனசு அடங்கும், அது சேட்டை இல்லன்னு எனக்குச் சொல்ல யாரும் இல்ல. இப்ப கழுத்துல போட்டுக்கிட்டுக் கடிக்கிற சிலிக்கான் வளையம் வருது. சுத்தி ரப்பர் மரம் நிக்கிற ஊர்ல இருந்துகிட்டு, கடிக்க ஒரு வளையத்தைத் தபால்ல வரவழைச்ச குடும்பம் நாங்க. வாங்கினா பிள்ளையோட கடியைத் தாங்குற கனத்துல வாங்குங்க. கிழிஞ்சா அன்னைக்கே தூரப் போடுங்க.

பாரச் சட்டை நான் தச்சது. தோளும் முதுகும் லேசா அழுந்தினா ஜெபா ஒரு இடத்துல உட்காருவா. முதல்ல அரிசி நிரப்பினேன், வண்டு வச்சுது. அடுத்து புளியங்கொட்டை, துவைச்சப்ப முளைவிட்டுது. ராஜன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! கடைசியில சின்னக் கண்ணாடி மணியைக் கட்டம் கட்டமா வச்சுத் தச்சேன், அது நின்னுது. எடை எவ்வளவு வைக்கணும், எவ்வளவு நேரம் போடணும்னு என்னைக் கேட்காதீங்க. உங்க பிள்ளையைப் பாக்குற தெரப்பிஸ்டைக் கேட்காம போடவே போடாதீங்க.

காதுமூடிக்கு முதல்ல பாறை உடைக்கிறவங்க போடுறதை வாங்கினோம். தலையை இறுக்குச்சு, பிடுங்கி எறிஞ்சா. பிள்ளைங்க அளவு தனியா உண்டு. அது வந்தப்புறம்தான் கல்யாண வீட்டுக்கும் சபைக்கும் போக முடிஞ்சுது. சபையில முதல் வாரம் எல்லாரும் பார்த்தாங்க, மூணாம் வாரம் யாரும் பார்க்கல.

படக் கார்டு ராஜனோட வேலை. நெட்ல இருந்து அழகான படமா எடுத்து அச்சடிச்சார். கக்கூஸ்னு அவர் போட்டது நாற்காலி மாதிரி உட்கார்ற பீங்கான், எங்க வீட்டுல இருக்கறது குத்த வைக்கிறது. அவ அதை எதுன்னு கண்டா? அப்புறம் எங்க வீட்டுப் பச்சைக் கப்பு, எங்க வீட்டு முறுக்கு டப்பா, எங்க வீட்டுக் கதவு, எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சு கார்டாக்கினார். மூலையை வட்டமா வெட்டணும், இல்லேன்னா கையைக் கீறும். எங்க வீட்டுப் பொருளா இருந்தாத்தான் அவளுக்குத் தெரியும்னு இவ்வளவு தெரிஞ்சுகிட்ட எனக்கு, பேச்சும் எங்க வீட்டுப் பேச்சா இருக்கணும்னு தோணல பாருங்க. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் மலையாளம்.

தொண்டையில வச்ச கை

ஜெபாவுக்கு ஒரு பழக்கம். எங்க அக்கா களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தவ. தினம் போன் பண்ணுவா. நான் போனை எடுத்துத் தையல் மெஷின் பக்கம் ஒதுங்கிப் பேசினா, எங்க இருந்தாலும் ஜெபா எழுந்து வருவா. பின்னால நின்னு உள்ளங்கையை என் தொண்டைக்குழியில வச்சு அழுத்துவா. எனக்கு மூச்சு முட்டும். கையை எடுத்து விட்டுட்டு, "பெறவு விளிக்கேன் எக்கா"ன்னு, அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லி, போனை வச்சிடுவேன். அவளும் போயிடுவா.

ராத்திரிச் சோறு ஆக்குறப்ப நானும் ராஜனும் அடுக்களையில குரலைத் தாழ்த்தி எங்க பேச்சைப் பேசுவோம். அப்பவும் கதவு பக்கம் வந்து நிப்பா. பசிக்குது போலன்னு ஒரு முறுக்கைக் கையில கொடுத்து அனுப்புவேன். எத்தனை முறுக்கு கொடுத்திருப்பேனோ.

ஜெபாவுக்குப் பத்து வயசு தாண்டினப்புறம் பிந்து டீச்சர் வந்தாங்க. வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கிற சின்னப் பொண்ணு, காஞ்சிரங்குளத்துல இருந்து ஸ்கூட்டர்ல வருவா. வந்த மூணாவதோ நாலாவதோ சனிக்கிழமை, தரையில கார்டைப் பரப்பி வச்சுக்கிட்டு ஜெபாவோட மல்லுக்கட்டிட்டு இருந்தா. அப்ப அக்கா போன்.

நான் மெஷின் பக்கம் போய், சொல்லுங்கறதை எங்க ஊர்ல சொல்ற மாதிரி, "செல்லு எக்கா... மரச்சீனிக் கிழங்கு பிடுங்கியாச்சா?... சவம், பன்னி கேறிச்சோ?"ன்னு பேசிட்டு இருக்கேன். தொண்டையில கை. வழக்கம் போல எடுத்து விட்டேன், போனை வச்சேன். ஜெபா ஜன்னல் பக்கம் போயிட்டா.

திரும்பினா பிந்து டீச்சர் என்னையே பார்த்துட்டு இருக்கா. அவ கேட்டதெல்லாம் மலையாளம்தான், நான் தமிழ்ல சொல்றேன்.

"சேச்சி, எப்பவும் இப்படி வருவாளா?"

"ஓ, போன் வந்தா போதும், ஒரே தொந்தரவாக்கும்."

"என்கிட்ட சேச்சி பேசுறப்ப ஒருநாளும் வரலியே."

நான் மெஷின் மேல கிடந்த ரவிக்கையைக் கையில எடுத்தேன்.

"போன்ல பேசினது தமிழ்தானே? பாரத்துல வீட்டு பாஷை மலையாளம்னுல்ல இருக்கு?"

சொன்னேன். அஞ்சாம் கிளாஸ், பாண்டி, பச்சை நாற்காலி, எல்லாம் சொன்னேன். திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்கும். அவ கார்டை அடுக்கி வச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னா. "அவளுக்குப் பேச்சு வராததுக்கு இது காரணம் இல்ல சேச்சி, அதை மனசுல வச்சுக்காதீங்க. ரெண்டு பாஷை கேட்டும் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. உங்களுக்கு எது தானா வருமோ அதுல பேசுங்க, போதும்."

காரணம் இல்லியாம். சரி. ஆனா ஏழு வருஷமா என் பிள்ளை என் பேச்சைத் தேடித் தேடி வந்து தொண்டையில கையை வச்சிருக்கா. நான் கையைத் தட்டி விட்டிருக்கேன். அதுக்கு யாரு காரணம்? மறுநாள் கொடுக்க வேண்டிய அந்தப் பட்டு ரவிக்கை கையில இருந்தது. அதை முகத்துல பொத்திக்கிட்டு அழுதேன். இஸ்திரி போட்டும் அந்தக் கறை போகல, வேற துணி எடுத்துத் தச்சுக் கொடுத்தேன்.

முப்பத்திரெண்டு பட்டன்

பேசும் பலகைன்னு ஒண்ணு உண்டு. பரீட்சை அட்டை அளவு, முப்பத்திரெண்டு பட்டன். ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் வைக்கலாம், சில நொடிக்குக் குரல் பதியலாம். பிள்ளை அமுக்கினா அந்தக் குரல் பேசும். வேற ஒரு குடும்பம் பயன்படுத்தினதை பிந்து டீச்சர் வாங்கிக் கொடுத்தா. "சேச்சியோட குரல்ல, வீட்டுப் பேச்சுல பதிங்க"ன்னு சொன்னா.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஜெபா ஒறங்குன நேரம் பார்த்து ஃபேனை அணைச்சு, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து ஊத்த உட்கார்ந்தோம். பட்டனை அமுக்கினேன். வாயில வந்தது என்ன தெரியுமா? "வெள்ளம் வேணம்."

"எட்டீ லில்லி, சர்க்கார் பரீட்சைக்கா படிக்க? வீட்டுல பேசுத மாதிரிப் பேசு"ன்னார் ராஜன்.

அழிச்சுட்டு மறுபடி. தண்ணி வேணும். போதும். வேண்டாம். வெளிய போவம். முறுக்கு தா. ராஜன் ஆசைக்கு ஒரு குட் மார்னிங். வயிறு வலிக்குதுன்னும் பதிஞ்சேன். யாரும் சிரிக்கல.

கீழ் வரிசையில ஒரு பட்டனைப் பதிய அமுக்கினப்ப போன் அடிச்சுது. அக்காதான். எடுத்துச் சொல்லிட்டு வச்சேன். அப்புறம் என்ன பதிய நினைச்சோம்னு மறந்துபோச்சு, அந்தப் பட்டனை அப்படியே விட்டுட்டோம்.

மறுநாள் பலகையை ஜெபா மடியில வச்சோம். ஒவ்வொண்ணா அமுக்கினா. தண்ணி, முறுக்கு, குட் மார்னிங். முகத்துல ஒண்ணும் தெரியல. கீழ் வரிசைக்கு வந்தா. அமுக்கினா.

"எக்கா, பெறவு விளிக்கேன். நான் பிள்ளைக்கிட்ட பேசிட்டு இருக்கேன்."

கை அப்படியே நின்னுது. மறுபடி அமுக்கினா. மறுபடியும். காதைப் பலகையில ஒட்ட வச்சுக்கிட்டு அதையே அமுக்கிட்டு இருந்தா. சோறு ஆறிப்போச்சு, கூப்பிட்டும் வரல.

பிள்ளைக்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு அதுக்கு முன்னால என் வாயால நான் ஒருநாளும் சொன்னதில்ல. அன்னைக்கும் அது முழு உண்மை இல்ல. பிள்ளை ஒறங்கிட்டு இருந்தா, நான் பலகைக்கிட்டதான் பேசிட்டு இருந்தேன்.

ராஜன் நடைமுறை ஆளு. "அதை அழிச்சிட்டு கக்கூஸ் போடுவோம். அதுல்லா அவசியம்"னு சொல்லிட்டுப் பலகையை எடுக்கக் கையை நீட்டினார். ஜெபா பலகையை மார்போட இழுத்தா. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே, விரலால தேடி, மேல் வரிசையில ஒண்ணை அமுக்கினா.

"வேண்டாம்." என் குரல்.

ராஜன் நீட்டின கையை எடுக்கவே இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பதினோரு வயசுல என் மக எங்ககிட்ட முதல் முதலா ஒரு காரியம் சொல்லியிருக்கா. ராஜன் குட் மார்னிங்கை அழிச்சு அதுல கக்கூஸ் போட்டார். குட் மார்னிங் இல்லாம வாழலாம்.

இப்ப நான் பேசுறேன். மெஷின்ல உட்கார்ந்தா மரச்சீனி, பன்னி, அக்கா வீட்டுச் சண்டை, ரவிக்கைக்கு அளவு தப்பாச் சொன்ன டீச்சரம்மா, எல்லாத்தையும் எங்க பேச்சுல கொட்டுறேன். அவ தொண்டையில கையை வச்சுக்கிட்டுக் கேட்பா. மூச்சு முட்டினாலும் எடுக்கிறதில்ல. வாயைத் திறந்து அவ ஒரு வார்த்தை சொல்வாளா, தெரியாது. அதைக்கூட இப்ப நான் அவ்வளவா நினைக்கிறதில்ல. மூணரை வயசுல, நாலு வயசுல, அஞ்சு வயசுல அந்தச் சின்னக் கை வந்து வந்து திரும்பிப் போச்சே, அதைத்தான் நினைக்கிறேன்.

பழக்கம் லேசுல போகுமா? அவசரத் தையல் இருக்குற நாள்ல இப்பவும் நான் வாயை மூடிக்கிட்டு மெஷினை மிதிச்சிட்டு இருப்பேன். போன வாரமும் அப்படித்தான், சபைக் கல்யாணத்துக்கு நாலு பாவாடை. ஜெபா வந்து நின்னா. கையை வச்சா. தொண்டை அசையல. போய்ப் பலகையை எடுத்துட்டு வந்து என் காலடியில உட்கார்ந்து, கீழ் வரிசையில அந்த ஒரு பட்டனை அமுக்கினா.

"எக்கா, பெறவு விளிக்கேன். நான் பிள்ளைக்கிட்ட பேசிட்டு இருக்கேன்."

காலை எடுத்தேன். மெஷின் நின்னுது.

"செல்லுதேன் மக்கா"ன்னு சொன்னேன். "எங்க விட்டேன்?"